ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

சித்தி ஷூ கயிற்றை இரண்டாவது முறை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை கேட்டாள்.

"அப்பா எங்க, சித்தி?"

நாலாவது மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டில் மேலிருந்து மூன்றாவது படி. தினமும் காலையில் அங்கே உட்காரவைத்துத்தான் அவளுக்கு ஷூ மாட்டுவது. வீட்டுக்குள் மாட்டினால் அரைமணி நேரம் ஆகிறது, படியில் உட்காரவைத்தால் அவசரம் தானாக வருகிறது என்பது குழந்தையின் அப்பாவான அத்தானின் கண்டுபிடிப்பு. மாட்டிவிடுவதும் அவர்தான். இன்றைக்குச் சித்தி மாட்டினாள். முடிச்சு கையில் அடங்கவில்லை.

"வேலைக்குப் போயிருக்கார்."

"இவ்ளோ சீக்கிரமாவா?"

"ஆமா. ஒரு இடத்துல லிஃப்ட் நின்னுடுச்சாம். அவசரமாக் கூப்பிட்டாங்க."

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுலயா?"

"என்னது?"

"லிஃப்ட். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுலயா நின்னுச்சு?"

"தெரியலை. இருக்கும்."

"உள்ள எத்தனை பேரு?"

"நான் கேக்கலை."

"கேட்டிருக்கணும் சித்தி," என்றாள் குழந்தை. அதில் குறை சொல்லும் தொனி இல்லை. விட்டுப்போன வேலையைச் சுட்டிக்காட்டும் தொனிதான். ஆறரை வயதில் அவளுக்கு வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்தது இதனால்தான்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது விடிகாலை மணி ஐந்து நாற்பது. முந்தின நாள் இரவு லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திலேயே அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து, கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். அக்கா கிளம்பிப் போனபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். "போயிட்டார்டி," என்றாள் அக்கா. பிறகு கொஞ்ச நேரம் எதிர்முனையில் ஏதோ இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. "குழந்தைகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே. நான் வந்து சொல்றேன்."

ஒன்றும் சொல்லாதே என்றுதான் அக்கா சொன்னாள். பொய் சொல் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று சித்தி நினைக்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் செய்வதையே வரிசையாகச் செய்தாள்: பால், குளியல், தலைவாரல், சீருடை, ஷூ. பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த வரிசை தாங்கும் என்று நினைத்தாள். மூன்றாவது படியிலேயே அறுந்துவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர் மேடம், எனக்கு ஒரு உதவி வேணுமே. துணி எல்லாம் குவிஞ்சு கிடக்கு. கலர் கலராப் பிரிச்சுத் தரணும். இன்னைக்கு ஸ்கூலுக்கு லீவு போட முடியுமா?"

"லீவு லெட்டர்ல என்ன காரணம் எழுதறது?"

தையல்காரம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள்.

"அதை அப்புறமா யோசிச்சுக்கலாம், வா."

அத்தான் வீட்டில் சாமி படம் கிடையாது. அதற்காக அவர் யாரோடும் சண்டைக்குப் போனவர் இல்லை. நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். குழந்தை பிறந்த புதிதில் அவருடைய அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லித்தான்டா நம்மளை வளர்த்தாங்க. நீ எதை வச்சு வளர்ப்பே?"

அத்தான் யோசித்துவிட்டு, "கழுதையை வச்சு," என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் குழந்தைக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் நிஜமாகவே ஒரு கழுதை வந்து சேர்ந்தது. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டும் கழுதை. காலமெல்லாம் முதுகில் சுமந்தாயிற்று, இனிமேல் பட்டனை அமுக்கியே சுமக்கிறேன் என்று வேலைக்குச் சேர்ந்தது. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது மாடி நரி, ஏழாவது மாடி ஆமை, பத்தாவது மாடியில் உயரத்தைக் கண்டு பயப்படும் கழுகு என்று ஆட்கள் ஏறி இறங்குவார்கள். கதை சிக்கலான இடத்துக்கு வந்ததும் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். அத்தானும் நிறுத்திவிடுவார். "இப்போ கழுதை என்ன பண்ணும்?"

குழந்தைதான் சொல்லவேண்டும். சரி, தப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொன்ன வழியில் கதையை ஓட்டுவார். கழுதை பொய் சொல்லட்டும் என்றால் பொய் சொல்லும். அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்குக் காவலாக நரி, நரிக்குக் கூலி என்று போய்க் கடைசியில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பசியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குத் தாங்காது. "நிறுத்துங்கப்பா. அந்த மாடிக்கே போங்க." லிஃப்ட் நின்ற இடத்துக்கே திரும்பிப் போகும். இன்னொரு முறை யோசிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கதை சொல்லச் சொன்னார்கள். முடித்ததும் டீச்சர், "இதனால் அறியும் நீதி என்ன?" என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டுக் கதையில அது வராது மிஸ். வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க," என்று இவள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சித்தியும் ஒருநாள் அத்தானிடம் கேட்டாள், இதனால் என்ன பயன் என்று. கேலியாக இல்லை, எதையும் காரணம் தெரிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்வது அவள் வழக்கம். "புது லிஃப்ட் மாட்டினா உடனே ஆளை ஏத்த மாட்டோம்," என்றார் அவர். "எடைக்கல்லை அடுக்கி மேலயும் கீழயும் ஓட்டிப் பார்ப்போம். பிரேக் பிடிக்கலைன்னா கல்லுக்கு என்ன போச்சு? கதைங்கறது அந்த எடைக்கல்லு."

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் அது சட்டமாகிவிட்டது. பொய் சொன்னவர் எந்த இடத்தில் சொன்னாரோ அந்த இடத்துக்கே திரும்பிப் போய், அப்போது நின்ற மாதிரியே நின்று, சரியாகச் சொல்லவேண்டும். பேக்கரி மூடியிருக்கிறது என்று அத்தான் ஒருநாள் குழந்தையிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அதே தெருமுனைக்குப் போய், "நேத்து கடை திறந்துதான் இருந்துச்சு. எனக்குத்தான் நடக்க சோம்பேறித்தனம்," என்றார். பக்கத்தில் நின்ற பால்காரர் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். சித்தியும் தப்பவில்லை. அவள் பகலில் மருந்துக்கடையில் வேலை செய்துவிட்டு, மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறவள். ஒருநாள் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனாள். பையிலிருந்த டிக்கெட்டை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தாள். மறுநாள் அதே பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. இருபத்து மூன்று வயதில். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் எப்படி?" என்றார்.

பத்து மணிக்கு வண்டி வந்தது.

பெட்டியை நாலாவது மாடிக்குக் கொண்டுபோக முடியவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது. அத்தானோடு வேலை செய்த நாலு பேர் நீலச் சீருடையிலேயே வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரான சூப்பர்வைசர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து லிஃப்டின் உட்புறத்தை அளந்தார். அளக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"மூணு அடி ஏழு அங்குலம்," என்றார். "உங்க பில்டிங் லிஃப்டைப் பத்தி அவர் எப்பவும் சொல்லுவார், இது லிஃப்ட் இல்லை, அலமாரின்னு."

கீழ்த்தளத்தில் குடியிருப்போர் கூட்டம் போடும் கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெட்டியை அங்கேயே வைத்தார்கள். அக்கா தலைமாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சடங்கு எதுவும் வேண்டாம் என்று அத்தான் பல வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்ததால், வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூ கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டு நின்றார்கள். நீலச் சீருடைக்காரர்கள் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார்கள். பிறகு அவர்களில் ஒருவர் லிஃப்ட் கதவை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது வழக்கம்போலக் கிறீச்சிட்டது. இன்னொருவர் வெளியே போய் ஸ்கூட்டரிலிருந்து எண்ணெய்க் குப்பியையும் திருப்புளியையும் எடுத்துவந்தார். துக்கத்துக்கு வந்த நாலு பேரும் அந்தக் கட்டடத்தின் லிஃப்டைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

சித்தி பையிலிருந்த நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். நாற்காலி. தண்ணீர். டீ. டாக்டர் சர்டிஃபிகேட் இரண்டு நகல். மின் தகன மேடையில் மூன்றரை மணிக்கு நேரம். வண்டி இங்கிருந்து மூன்றுக்குக் கிளம்பவேண்டும். ஒவ்வொன்றாக முடித்து அடித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் 'குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு எதிரில் என்ன செய்யவேண்டும் என்று எழுதவில்லை.

அத்தானின் அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"குழந்தை எங்கம்மா?"

"எதிர்வீட்டுல இருக்கா, பெரியத்தான்."

"அங்கேயே இருக்கட்டும். இதையெல்லாம் அவ பார்க்க வேண்டாம். ராவெல்லாம் பயந்து அலறும். நாலு நாள் கழிச்சுப் பக்குவமாச் சொல்லிக்கலாம், அப்பா சாமிகிட்டப் போயிட்டார்னு. இல்லேன்னா மேல நட்சத்திரமா இருக்கார்னு."

"இந்த வீட்டுல அப்படிச் சொல்றது வழக்கமில்லையே."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா என் தம்பியை? கழுதையை வச்சுப் பிள்ளை வளர்த்தவன்." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "கழுதைக்குச் சாவு வந்தா என்ன பண்றதுன்னு அவன் சொல்லிட்டுப் போகலையே. நீ என்ன சொல்லி வச்சிருக்கே?"

"வேலைக்குப் போயிருக்கார்னு."

"அதையே சொல்லு. நல்ல யோசனைதான்."

அவர் பாராட்டியது அவளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்கு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு மேலே போனாள். தையல்காரம்மா வீட்டில் மெஷின் ஓடவில்லை. குழந்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து துணித்துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு, பூப்போட்டது, கோடுபோட்டது, சட்டைக் காலர் ஒன்று. அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் வளர்ந்திருந்தது.

"என்னது இது?"

"கயிறு. லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு. அப்பா கயிறு எடுத்துட்டுப் போக மறந்துட்டார். வீட்டுல அலமாரிக்கு மேலதான் இருக்கு, நான் பார்த்தேன்."

"சொல்லச் சொல்லக் கேக்க மாட்டேங்கறா," என்றார் தையல்காரம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அப்பா சாயந்திரம் வந்துடுவார்னு நானும் சொல்லிட்டேன்."

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று வந்து உட்கார்ந்தாயிற்று. நரிதான் பாக்கி.

சித்தி குழந்தையின் எதிரில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுலயான்னு காலையில கேட்டியே. ஏன் கேட்டே?"

"அங்கதானே லிஃப்ட் நிக்குது."

"எந்த லிஃப்ட்?"

"கழுதை லிஃப்ட். முந்தாநாள் கதை. ஆமைக்கு ஒரு கேக் பார்சல் வந்துச்சு. ஆமை மெதுவா வருமில்ல, அதுக்குள்ள கழுதை பிரிச்சுத் தின்னுடுச்சு. அப்புறம் ஆமை ஏறிச்சு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுடுச்சு. ஆமை கேக்குது, எனக்கு பார்சல் வந்துச்சான்னு." குழந்தை ஒரு முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன். அப்பா சரின்னார். ஆமைக்கு அவசரமே கிடையாதுன்னார்."

"நேத்து?"

"நேத்து அப்பா வரலை. நான் தூங்கிட்டேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது கதை, இது நிஜம்னு எனக்குத் தெரியும் சித்தி. ஆனா அப்பா நிஜத்துலேர்ந்துதான் கதை எடுப்பார். அதான் கேட்டேன்."

சித்தி சொல்லிவிட வாயைத் திறந்தாள். "ரொட்டிக்குச் சர்க்கரை தொட்டுக்கறியா?" என்று கேட்டுவிட்டாள்.

அக்கா காலையிலிருந்து அதே நாற்காலியில் இருந்தாள். யாரோ கொடுத்த டீ கையிலேயே ஆறிப்போயிருந்தது. சித்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா. குழந்தைகிட்ட நீ சொல்றேன்னு சொன்னியே."

"ம்."

"மணி ஒண்ணரை."

"வாயைத் திறந்தா சத்தம் வரமாட்டேங்குதுடி." அக்கா டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன கேட்டா? நீ என்ன சொன்னே?"

சித்தி சொன்னாள். எந்தப் படியில், எந்த வார்த்தையில் என்பது வரைக்கும் ஒப்பித்தாள். குறைத்துச் சொல்லத் தெரியவில்லை.

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னா சொன்னே?"

"வாயில அதுதான் வந்துச்சு."

அந்தப் பக்கம் லிஃப்ட் காலியாக மேலே போய்க் கீழே வந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்து மூடியது.

"அவர் லிஃப்ட் விஷயத்துல மட்டும் பொய் கலந்ததே இல்லைடி," என்றாள் அக்கா.

திட்டியிருந்தால் தேவலை. சித்தி தலை குனிந்தபடி இருந்தாள். கொஞ்சம் பொறுத்து அக்கா அவள் தோளில் கைவைத்தாள். எழுந்திருக்க ஊன்றிக்கொள்கிற மாதிரி அழுத்தினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பெரியத்தான் வேண்டாம்னு சொல்றார்," என்றாள் சித்தி.

"அவர் நல்ல மனுஷன். சொல்லுவார்." அக்கா பெட்டியைப் பார்த்தாள். "மூணு மணிக்கு மேல இந்த முகத்தை அவளுக்குக் காட்ட முடியுமா, நீயே சொல்லு. அப்பா எங்கன்னு பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும், அன்னைக்குக் கீழ இருந்தார், நாங்க மேல உன்னைத் துணி பிரிக்க வச்சோம்னா சொல்றது?" டீயைக் கீழே வைத்தாள். "நீ சொன்னதை நீதான் திருத்தணும். மிச்சத்துக்கு நான் இருக்கேன். போ."

சித்தி மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு மாடிக்கும் பதினெட்டுப் படி. வகுப்பில் அவள் வரைந்த முதல் வரைபடமே இந்தப் படிக்கட்டுதான். அத்தான்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "படியை அளக்கறவங்க எல்லாரும் கடைசிப் படியை மறந்துடுவாங்க, பார்த்துக்கோ," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அவள் அப்படியே மறந்தும்போனாள். வரைபடம் திரும்பி வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று நோட்டை எடுத்தாள். குழந்தையிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தாள். 'அப்பா இனிமேல் வரமாட்டார்.' எங்கேயோ இருந்துகொண்டு வராதவர் மாதிரி இருந்தது, அடித்தாள். 'அப்பாவை நாம் இழந்துவிட்டோம்.' தொலைந்ததைத் தேடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்வாள், அடித்தாள். மூன்றாவதாக எழுதியதில் மூன்றே வார்த்தைகள் இருந்தன. அதை அடிக்கவில்லை. மணி இரண்டு பத்து.

"இன்ஸ்பெக்டர், ஷூவைப் போட்டுக்கோ. வெளிய வா."

குழந்தை கயிற்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். சித்தி மூன்றாவது படிக்குக் கீழே, காலையில் குந்தியிருந்த அதே இடத்தில் குந்தினாள். குழந்தை மேலிருந்து பார்த்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் பிறந்தவள்.

"நீங்க தப்பா சொன்னீங்களா?"

"ஆமா."

"இங்கயா?"

"இங்கதான். ஷூ மாட்டும்போது."

குழந்தை வந்து உட்கார்ந்தாள். ஷூவைக் காலில் நுழைத்து நீட்டினாள். சித்தி இடது காலைப் பிடித்தாள்.

"வலது கால் சித்தி," என்றாள் குழந்தை. "காலையில வலது கால்தான்."

சித்தி வலது காலைப் பிடித்துக் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"அப்பா வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னேன். அது பொய். லிஃப்ட் நின்னுடுச்சுன்னு சொன்னேன். அதுவும் பொய். நேத்து அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் மருந்து கொடுத்தார், ஊசி போட்டார். சரியாகலை." மூன்று வார்த்தைகள் இருந்தன. "அப்பா செத்துப் போயிட்டார்."

கீழே எங்கோ ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்போ லிஃப்ட் நிக்கவே இல்லையா?"

"இல்லை."

"யாரும் உள்ள மாட்டிக்கலையா?"

"யாரும் இல்லை."

குழந்தை மூச்சு விட்டாள். "நல்லவேளை," என்றாள். காலையிலிருந்து அவர்களைப் பற்றிய கவலை அவளுக்கு. பிறகு கயிற்றின் நுனியிலிருந்த சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த மாடிக்குத் திரும்பிப் போக முடியாதா? நெஞ்சு வலிக்கறதுக்கு முந்தின மாடிக்கு?"

"முடியாதும்மா."

"கதையில போகலாம்."

"கதையில போகலாம்."

"எனக்குக் கோபமா வருது."

"என் மேலயா?"

"தெரியலை," என்றாள் குழந்தை. உதடு கோணிக்கொண்டு வந்தது. சித்தி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றபோது மணி என்ன என்று சித்தி பார்க்கவில்லை. அவள் மணி பார்க்காமல் விட்டது அந்த நாளில் அந்த ஒரு முறைதான்.

இருவரும் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அத்தானின் அண்ணன் எழுந்து வேகமாக வந்தார். குழந்தையின் முன்னால் சிரமப்பட்டு மண்டியிட்டார்.

"கண்ணு, உங்கப்பா வந்து..." நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "உங்கப்பா செத்துட்டான்மா."

"தெரியும் பெரியப்பா. சித்தி சொல்லிட்டாங்க," என்று அவர் கன்னத்தைத் தொட்டாள் குழந்தை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை அப்பாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எதையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். ஒரு விரலால் அவர் கையைத் தொட்டு எடுத்தாள், மறுபடி தொட்டாள்.

"சில்லுனு இருக்கு."

"ஆமாடா."

"நகத்துல கிரீஸே இல்லை."

"நான்தான் ஆஸ்பத்திரியில துடைச்சு விட்டேன்," என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் உரக்கப் பேசியது அப்போதுதான்.

"எதுக்கு? அப்பா நகம் அப்படித்தானே இருக்கும்."

சூப்பர்வைசர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. கிளம்புமுன் துணிக்கயிற்றைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், அது உயிரோடு இருக்கிறவர்களை இறக்க என்று குழந்தை சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஐந்தரை. கூடத்தில் நாற்காலிகளை யாரோ பழையபடி வரிசையாகப் போட்டுவைத்திருந்தார்கள். லிஃப்ட் கதவு விளக்கு வெளிச்சத்தில் துடைத்த மாதிரிப் பளபளத்தது.

"இதுல போலாம் அக்கா. நாலு மாடி உன்னால ஏற முடியாது."

அக்கா லிஃப்டைப் பார்த்தாள். "படியிலயே போலாம்," என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். நாலாவது மாடிக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து மூன்றாவது படி. ஷூ கழற்றுகிற இடம் அது இல்லை. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா அவளைத் தாண்டி மேல்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சித்தி குந்தி வலது ஷூவின் முடிச்சைப் பிரித்தாள். இறுகிப்போயிருந்தது.

"சித்தி, லிஃப்ட் இன்னும் அங்கேயேதான் நிக்குது."

"எங்க?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல."

சித்தி நிமிரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னியே. யோசிச்சியா?"

"யோசிச்சேன். கழுதை சொல்லிடும். நான்தான் தின்னுட்டேன்னு ஆமைகிட்ட நேரா சொல்லிடும்."

சொல்லிவிட்டுக் குழந்தை காத்திருந்தாள். அவள் வேலை முடிந்துவிட்டது. இதற்குமேல் கதையை ஓட்ட வேண்டியது எதிரில் இருப்பவர். சித்தி ஷூவைக் கழற்றிப் படியில் வைத்தாள். உள்ளே ஒரு சின்னக் கல் இருந்தது, எடுத்துப் போட்டாள். ஆமை என்ன சொல்லும்? மன்னிக்குமா? மன்னித்துவிட்டால் கதை பொய்யாகிவிடுமோ? ஒவ்வொரு வாக்கியமாக எழுதி அடித்துப் பார்க்க இப்போது நோட்டு கையில் இல்லை.

"அப்புறம்?" என்றாள் குழந்தை.

படிக்கட்டு ஜன்னலில் வெயில் சுவரின் மேல்பாதிக்குப் போயிருந்தது.

"முதல்ல லைட் வரும்," என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடியே.

குழந்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நின்ன லிஃப்ட்ல முதல்ல லைட்தான் வரும். அப்புறம் ஃபேன் சுத்தும். அதுக்கப்புறம்தான் நகரும்."

குழந்தை யோசித்தாள். சரிதான் என்று தோன்றியிருக்கவேண்டும். சித்தியின் பக்கம் திரும்பி இடது காலை நீட்டினாள்.